எறிமுறைகளைத் துணையின்றித் தனியே பயில்வது எவ்வளவு தூரம் உதவும்?

ஆரஞ்சுப்பட்டை எழுதியது:

இரண்டரை ஆண்டுகளாக ஜூடோ பயின்று வருகிறேன். பணி நேரம் மாறியதால் கடந்த 3 மாதங்களாக வாரத்தில் ஒரு நாள் மட்டுமே பயிற்சிக் கூடத்துக்குப் போக முடிகிறது. மற்ற நாள்களில் வீட்டில் ஓர் அறை, 4 செ.மீ. தடிமனுள்ள இரண்டு பாய்கள், ஒரு ரப்பர் பட்டை, ஏறத்தாழ 40 நிமிட நேரம் ஆகியவை கிடைக்கின்றன. எதிரே நிற்க ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை. எதிராளியை முதுகில் ஏற்றித் தோள்வழியே எறியும் இப்போன் செயோய் நாகே, அவர் காலைப் பின்னாலிருந்து வாரிவிடும் ஓ சோட்டோ காரி, குறுக்கே காலை நீட்டி அதன் மேலாக விழவைக்கும் டாய் ஓதோஷி ஆகிய மூன்று எறிதல்களையும் பட்டையைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு 100 முறை வீதம் செய்து வந்தேன்.

வேகம் கூடியிருக்கிறது, அதை நானே உணர்கிறேன். ஆனால் சென்ற வாரம் கூடத்தில் செயோய் நாகேயைச் செய்து காட்டியபோது, எதிரில் நின்றவர் இம்மியும் அசையவில்லை. நான் மின்னல் வேகத்தில் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மூன்று மாதங்களுக்கு முன் இதைவிட நன்றாகச் செய்தாய் என்று பயிற்சியாளர் சொன்னார். தனியே பயின்றதே என்னைக் கெடுத்துவிட்டதா, அல்லது நான் பயின்ற விதத்தில் பிழையா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழையபாய் எழுதியது:

நண்பரே, பயிற்சியாளர் சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஓர் எறிதலை மூன்று கட்டங்களாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது ஜூடோவின் வழக்கம்: எதிராளியின் நிலையைக் குலைக்கும் குசுஷி, நம் உடலை அவர் உடலோடு பொருத்தும் ட்சுகுரி, எறிந்து முடிக்கும் காகே. இவற்றுள் குசுஷி நம் உடலில் நிகழ்வதே அன்று. நாம் இழுக்கிறோம், தள்ளுகிறோம், நகர்கிறோம். குலைவது அவருடைய நிலை. ஆள் இல்லாத அறையில் அந்த முதல் கட்டத்துக்கு இடமே இல்லாததால், உடல் மெல்ல மெல்ல அதைத் தாண்டி நேரே இரண்டாவது கட்டத்துக்குப் போகப் பழகிவிடுகிறது. நாளுக்கு 100 முறை என்றால், குசுஷி இல்லாமல் திரும்புவதை நாளுக்கு 100 முறை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இதனால் தனிப் பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. 1882இல் கோடோகான் என்ற பயிற்சிக் கூடத்தை நிறுவி ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பின்னாளில் மக்கள் அனைவருக்குமென வகுத்த உடற்பயிற்சி முறையில், ஒருவர் தனியே செய்யும் பகுதி ஒன்றையும் இருவர் சேர்ந்து செய்யும் பகுதி ஒன்றையும் வைத்தார். ஆனால் அந்தத் தனிப் பகுதியில் பெரும்பாலும் இருப்பவை குத்தும் உதையும்தாம், எறிதல்கள் இல்லை. ஒரு குத்தின் பாதையை வெறும் காற்றில் முழுமையாகச் செய்யலாம். எறிதலுக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே எதைத் தனியே பயில்வது என்று கேட்பதற்கு முன், எதைத் தனியே பயிலவே கூடாது என்று கேட்க வேண்டும். என் பட்டியலில் முதலிடம் தே ஆஷி பராய்க்கு. எதிராளியின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் அந்தக் கணத்தில், தரையில் பட்டும் படாமலும் இருக்கும் பாதத்தைப் பெருக்கித் தள்ளுவதுதான் அந்த எறிதல். கணத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது தரையைக் காலால் பெருக்குவது மட்டுமே. அதற்கு விளக்குமாறு போதும்.

அளவுகோல் எழுதியது:

பழையபாய் அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் கேள்வி கேட்டவரின் பிழைக்கு நேரடிக் காரணம் அந்த ரப்பர் பட்டைதான் என்று கருதுகிறேன்.

ரப்பரை இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு கூடுகிறது. தொடக்கத்தில் அது தளர்ந்து கிடக்கிறது, நீங்கள் முழுவதும் திரும்பி முடித்த பிறகே முழு வலுவோடு பின்னுக்கு இழுக்கிறது. நிற்கும் மனிதர் இதற்கு நேர்மாறானவர். அசையாமல் இரு காலையும் ஊன்றி நிற்கும்போதுதான் அவர் மிகவும் கனமானவர். எடை கால்விரல்களுக்கு நகர்ந்து குதிகால் எழும்பத் தொடங்கியதும் சிறிது நேரத்துக்கு அவர் வியக்கத்தக்க அளவில் இலேசாகிவிடுகிறார். உழைப்பு தேவைப்படுவது தொடக்கத்தில். பட்டையோ தொடக்கத்தில் சும்மா இருக்கவும், முதுகைத் திருப்பிய பிறகு கைகளால் இழுக்கவும் கற்றுக்கொடுக்கிறது. நீங்கள் கூடத்தில் செய்தது அச்சு அசலாக அதுவே.

இதைப் பெருமளவு சரிசெய்ய முடியும். குட்டையான, தடித்த பட்டைக்குப் பதிலாக நீளமான, மெல்லிய பட்டையை எடுத்துக்கொண்டு, முதல் அடியை எடுத்து வைக்கும் முன்னரே அது நன்றாக இழுபட்டிருக்கும் தொலைவில் நில்லுங்கள். ஒரு சிறு கணக்கு: 1 மீட்டர் பட்டை முன்னரே அரை மீட்டர் நீண்டிருக்கிறது, செயோய் நாகேக்குள் நுழையும்போது இன்னும் அரை மீட்டர் நீள்கிறது என்றால் எதிர்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதே ரப்பரில் 3 மீட்டர் எடுத்து, முன்னரே ஒன்றரை மீட்டர் நீட்டி வைத்துக்கொண்டால், அதே அரை மீட்டர் நகர்வுக்கு எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். மனிதரைப் போல ஆகிவிடாது. ஆனால் தொடக்கத்திலேயே உழைக்க வேண்டியிருக்கும். பழைய சைக்கிள் டியூப்களை ஒன்றோடொன்று முடிந்து பயன்படுத்துவது இதற்கு எளிய வழி.

கட்டும் உயரமும் முக்கியம். இடுப்பு உயரத்தில் கட்டினால் கை தானாகவே கீழ்நோக்கி இழுக்கும். சட்டையின் கைப்பகுதியைப் பிடிக்கும் கையோ கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது போல முன்னும் மேலுமாக உயர வேண்டும். எனவே எதிராளியின் தோள் உயரத்தில் கட்டுங்கள். கதவில் கட்டுவதாயின், நீங்கள் இழுக்கும்போது கதவு சட்டத்தோடு இறுகும்படியான பக்கத்தில் நிற்க வேண்டும். மறுபக்கம் நின்றால் ஒரு நாள் கதவு திறந்துகொண்டு முகத்துக்கே வரும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். அறுந்த பட்டை முதலில் தேடி வருவது கண்ணைத்தான்.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் இறுதி நிலையில் 2 விநாடி அப்படியே நின்று பாருங்கள். பட்டை உங்களைப் பின்னுக்குச் சாய்த்தால் எடை குதிகாலில் இருக்கிறது. எண்ணிக்கையை 100இலிருந்து 30ஆகக் குறைத்து இதைச் செய்தால், 100இல் கிடைக்காதது கிடைக்கும்.

குஸ்திக்காரன் எழுதியது:

நான் ஜூடோக்காரன் அல்லன், மல்யுத்தத்திலிருந்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் எறிபொம்மை, அதாவது டம்மி, சாதாரணமான பொருள். பின்புறமாக வளைந்து எறியும் சுப்லெக்ஸ் போன்றவற்றை உயிருள்ள துணைவர் மீது முதன்முதலில் செய்துபார்ப்பது இருவருக்குமே ஆபத்து என்பதால், பொம்மையில் பழகிய பிறகே ஆளிடம் போகச் சொல்வார்கள்.

பொம்மையைப் பற்றி இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, அது நிற்காது. 30 கிலோ என்றால் இலேசு என்று நினைப்பவர்கள், தரையில் கிடக்கும் 30 கிலோ துணிமூட்டையைக் குனிந்து கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்க்கட்டும். நிற்கும் மனிதர் தம் எடையைத் தம் கால்களாலேயே தாங்குகிறார், பல வேளைகளில் விழாமலிருக்க முயன்று தாமே நம் மேல் ஏறிவிடுகிறார். பொம்மையின் எடை முழுவதும் உங்கள் முதுகின் மேல்தான். ஆகவே 8 அல்லது 10 எறிதலுக்கு மேல் தொடர்ந்து செய்யாதீர்கள். களைத்த முதுகு வளைந்த நிலையில் தூக்கத் தொடங்கிய பின் நீங்கள் செய்வது பயிற்சி அன்று, முதுகெலும்பின் வட்டுக்குக் கேடு. சுவர் மூலையில் சாய்த்து நிறுத்தி அங்கிருந்து தொடங்கினால் குனிவது பாதியாகக் குறையும்.

இரண்டாவது, பொம்மையில் கிடைப்பது பட்டையில் கிடைக்காது. பட்டையைப் பிடித்து நீங்கள் எதையும் எறிவதில்லை, நுழைந்து நின்றுவிடுகிறீர்கள். எறிந்து முடிப்பது, இடுப்பை உள்ளே தள்ளுவது, தலையைத் திருப்பி விழும் திசையைப் பார்ப்பது, எறிந்தவரோடு கட்டுப்பாடாகத் தரைக்குப் போவது ஆகிய அனைத்தும் பொம்மையில் மட்டுமே வரும். காகே என்று பழையபாய் சொன்ன கட்டத்துக்குப் பொம்மை, ட்சுகுரிக்குப் பட்டை என்று பிரித்துக்கொண்டால் இரண்டின் மீதும் குறை சொல்ல வேண்டியதில்லை.

பொம்மையை நானே செய்துகொண்டேன். தடித்த பழைய மேற்சட்டையும் கால்சட்டையும் சேர்த்துத் தைத்து உள்ளே கந்தல் துணியை இறுக்கமாக அடைத்தேன். முதல் பொம்மையில் எடைக்காக மணலைக் கொட்டிய மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டே வாரத்தில் மணல் முழுவதும் கால்களுக்கு இறங்கி, மேலே காலிப் பை, கீழே இரண்டு கல்தூண்கள் என்று ஆகிவிட்டது.

மேலும், மல்யுத்தத்தில் இடுப்பைத் தாழ்த்தி எதிராளியின் கால்களுக்கிடையே ஊடுருவிச் செல்லும் அந்த நுழைவு அடியை எல்லோரும் துணையின்றித்தான் ஆயிரக்கணக்கில் செய்கிறோம். தலை நிமிர்ந்திருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, முன் முழங்கால் பாதத்தைக் கடந்து போகிறதா என்பவையெல்லாம் நம் உடலின் விஷயங்கள். எனவே, வெறும் காற்றில் எறிதலின் எந்தப் பகுதியும் வராது என்ற அளவுக்குப் போக வேண்டாம்.

புதுமாணவன் எழுதியது:

ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா நாள்தோறும் மரத்தின் மீது ஓ சோட்டோ காரி பயின்றதாகப் படித்திருக்கிறேன். அது உண்மையாயின், அசையாத மரத்தில் பயின்றே அந்த எறிதலில் அவர் உச்சத்தை எட்டியிருக்கிறார் அல்லவா? நாமும் ஒரு தூணில் அப்படிச் செய்யலாமா?

பழையபாய் எழுதியது:

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மரத்தில் பயின்றது ஜூடோ உலகம் அறிந்த செய்தி. ஆனால் அந்தச் செய்தியைத் தனியே பிடுங்கி எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் மரத்திடம் போனது, ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் ஆள்களோடு ரண்டோரி, அதாவது இருவரும் ஒருவரையொருவர் எறிய முயலும் மோதல் பயிற்சி, செய்த பிறகு. குசுஷியை ஆள்களிடம் கற்றுவிட்டு, காலின் வலுவை மரத்திடம் கூட்டிக்கொண்டார். 1951இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் பிரேசிலின் ஜியு ஜிட்சு வீரர் எலியோ கிரேசியை அவர் எதிர்கொண்டபோது பலமுறை தூக்கி எறிந்தார். ஆனால் ஆட்டத்தை முடித்தது ஒரு கைப்பூட்டு. அந்தப் பூட்டுக்கே இன்று கிமுரா என்ற பெயர் வழங்குகிறது. அதை அவர் எந்த மரத்திடமும் கற்றிருக்க முடியாது.

தூணில் செய்வதாயின் தடித்த பாயைச் சுற்றிக் கட்டி, ஒரு தடவைக்கு 10 முறை, பாதி வேகத்தில் செய்யுங்கள். காற்றில் செய்யும் ஓ சோட்டோ காரியைவிடத் தூணில் செய்வது மேலானது என்றும் ஒப்புக்கொள்கிறேன். காரணம் இதுதான்: அந்த எறிதலில் உங்கள் மார்பு எதிராளியின் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். காற்றில் ஒட்டுவதற்கு எதுவும் இல்லாததால், கால் பின்னே வீசும்போது உடல் சமநிலை தேடித் தன்னையறியாமல் நிமிரும் அல்லது பின்னே சாயும். அப்படிச் சாய்ந்தவரை அதே எறிதலால் திருப்பி எறிவது மிக எளிது. தூணைக் கட்டிப்பிடித்துச் செய்யும்போது மார்பு எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும். கால் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு தலை கீழே வர வேண்டும். கால்விரல்கள் நீட்டியிருக்க வேண்டும்.

முழங்கால் எழுதியது:

என் பெயரைப் பார்த்தே புரிந்திருக்கும்; இரண்டு அறுவைச் சிகிச்சைகள் முடிந்தவன். இரண்டாவது வந்தது போட்டியில் அன்று, வீட்டில் தனியே டாய் ஓதோஷி பயின்றபோது. அதனால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தரை கூடத்தின் தரையைப் போன்றதன்று. சில பாய்கள் பாதத்தைப் பற்றிக்கொள்ளும். குதிகாலை ஊன்றியபடி வேகமாகத் திரும்பினால், பாதம் பாயோடு நின்றுவிட, தொடையும் இடுப்பும் திரும்ப, முறுக்கம் முழுவதையும் இடையில் இருக்கும் முழங்கால் ஏற்றுக்கொள்கிறது. முன்பாதத்தின் உருண்டையில் சுழல வேண்டும். சுழன்று முடித்ததும் முழங்காலும் கால்விரல்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். டாய் ஓதோஷியில் குறுக்கே நீட்டும் காலின் முழங்கால் விறைத்தோ உள்ளே மடங்கியோ இருக்கக் கூடாது. கூடத்தில் எதிராளியின் உடல் நம்மைத் தடுப்பதால் ஓர் எல்லைக்கு மேல் திரும்ப முடியாது. காற்றிலோ தடுக்க ஆளில்லை. அளவுக்கு மீறித் திரும்பிவிடுகிறோம். முழங்காலில் சட்டென்று விழுந்து செய்யும் செயோய் நாகே வகையை 4 செ.மீ. பாயில் மீண்டும் மீண்டும் செய்வதை அறவே விட்டுவிடுங்கள்.

இனி யாருமே சொல்லாத ஒன்று. எறிதலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துணையே தேவைப்படாத ஒரு பயிற்சி ஜூடோவில் முழுமையாக இருக்கிறது, அது உகேமி, அதாவது விழும் கலை. பின்னே விழும்போது தாடை மார்போடு சேர்ந்து, பார்வை தன் இடுப்புப் பட்டையில் இருக்க வேண்டும். கைகள் உடலிலிருந்து 30 முதல் 45 பாகை விலகித் தரையை அறைய வேண்டும். எக்காரணம் கொண்டும் கையைப் பின்னே ஊன்றக் கூடாது. மணிக்கட்டும் முழங்கையும் முறிவது அப்படித்தான். முதலில் குந்திய நிலையிலிருந்து, பிறகு பாதி எழுந்து, பிறகு நின்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் சம அளவில். பெரும்பாலானவர்கள் ஒரு பக்கம் மட்டுமே அழகாக விழுவார்கள், மறுபக்கத்தில் மூட்டையைப் போல் விழுவார்கள். தொடக்க மாணவர்களுக்கு ஓ சோட்டோ காரியில் தலையின் பின்புறம் தரையில் மோதும் ஆபத்து உண்டு. கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் ஆயிரம் முறை விழுந்தால்தான் இயல்பாகும். எறியப்படுவதற்கு அஞ்சாதவர் இறுகி நிற்க மாட்டார். இறுகி நிற்காதவர்தான் தாக்குதலுக்குள் துணிந்து நுழைவார். அந்த வகையில் விழப் பயில்வதும் எறியப் பயில்வதே.

சுவரைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் கால்களுக்கிடையே காலை மேல்நோக்கி வீசி எறியும் உச்சி மாதாவுக்கான கால்வீச்சை 15 முறை வீதம் 3 தடவை செய்வதும் நல்லது. ஊன்றிய காலின் கணுக்கால் ஆடத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

ஆரஞ்சுப்பட்டை எழுதியது:

5 வாரங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. டாய் ஓதோஷியைத் தனிப் பயிற்சியிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டேன். செயோய் நாகேயை மெல்லிய நீண்ட டியூபில், தோள் உயரத்தில் கட்டி, 30 முறை மட்டும் செய்கிறேன். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் 2 விநாடி நிற்கும்போது பின்னே இழுக்கப்பட்டேன்; எடை குதிகாலில்தான் இருந்தது. கைபேசியில் பதிவுசெய்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: திரும்பும் ஒவ்வொரு முறையும் என் கண்கள் தரையைப் பார்க்கின்றன, தலை குனிந்ததும் முதுகு வளைகிறது, முதுகு வளைந்ததும் இடுப்பு வெளியே தள்ளிவிடுகிறது. மூன்று மாதங்களாக என்னிடம் இல்லாமல் போனது துணைவர் மட்டுமல்லர், பார்க்கும் கண்ணும்தான். எதிரே சுவரில் கண் உயரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, திரும்பும் வழியில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பழகினேன்.

உகேமியை வாரத்துக்கு மூன்று நாள் செய்கிறேன். கீழ்த் தளத்தில் வசிப்பவர் ஒருமுறை மேலே வந்து, வீட்டில் யாராவது விழுந்துவிட்டார்களா என்று அக்கறையோடு கேட்டார். ஆம், நான்தான், நாற்பது முறை என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது மாலை 7 மணிக்கு முன்பே முடித்துவிடுகிறேன்.

சென்ற வாரம் கூடத்தில் செயோய் நாகேக்குள் நுழைந்தபோது எதிராளியின் குதிகால் எழும்பியது. எறியவில்லை; எழும்பியது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஓ சோட்டோ காரியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. நகரும் எதிராளியிடம் இவற்றில் எதுவுமே வருவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

நகரும் எதிராளிக்குப் பட்டையிடம் விடை கிடையாது. அது கட்டிய இடத்திலேயே நிற்கும். ஒரு திருத்தம் மட்டும் செய்யலாம்: ஒரே இடத்திலிருந்து தொடங்காமல், பட்டை இழுபட்டிருக்கும்படியே வட்டமாக இரண்டு மூன்று அடி நகர்ந்து, அந்த நகர்விலிருந்து நுழையுங்கள். குறைந்தது உங்கள் கால்களாவது நின்று தொடங்கும் பழக்கத்திலிருந்து விடுபடும்.

பழையபாய் எழுதியது:

ஆரஞ்சுப்பட்டை அவர்களே, ஒரு கேள்வி: வாரத்தில் ஒரு நாள் கூடத்துக்குப் போகிறீர்களே, அன்று என்ன செய்கிறீர்கள்?

ஆரஞ்சுப்பட்டை எழுதியது:

20 நிமிடம் உடலைச் சூடேற்றல், 10 நிமிடம் உகேமி, அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே உச்சிகோமி (எறியாமல் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது), பிறகு நேரமிருந்தால் இரண்டு அல்லது மூன்று சுற்று ரண்டோரி.

பழையபாய் எழுதியது:

அங்கேதான் கோளாறு. கிடைப்பதற்கு அரிய துணையை வாரத்தில் ஒரு நாள் எதிரே நிறுத்திக்கொண்டு, வீட்டில் டியூபைப் பிடித்துச் செய்யக்கூடியதையே அவரிடமும் செய்கிறீர்கள். அவர் அசையாமல் நிற்க, நீங்கள் 200 முறை நுழைந்து நுழைந்து திரும்புவதற்கு ஆள் எதற்கு? சூடேற்றலையும் விழுவதையும் நின்ற இடத்து உச்சிகோமியையும் வீட்டில் முடித்துவிடுங்கள். கூடத்தில் அவரை நடக்கச் சொல்லுங்கள்: முன்னே, பின்னே, பக்கவாட்டில். நடக்கும்போது எறியுங்கள், எறிந்து முடியுங்கள், அவரும் உங்களை எறியட்டும். மிச்ச நேரம் முழுவதும் ரண்டோரி. நீங்கள் தூண் என்று எண்ணிச் செய்துவந்த ஓ சோட்டோ காரி, அவர் வலது காலை முன்வைக்கும் நேரத்தில் எப்படி வேறாகிறது என்பதை ஒரே மாலையில் கண்டுகொள்வீர்கள். பயிற்சியாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய வகுப்பின் ஒழுங்கை நாம் மாற்றுவது முறையன்று.

ஆரஞ்சுப்பட்டை எழுதியது:

கேட்டுவிட்டேன். சரியான நேரத்துக்கு வருவதானால் சூடேற்றலை வீட்டிலேயே முடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மாலை டியூபில் 30, உகேமி 40, அங்கிருந்து நேரே கூடம்.